கடைசி வரிசைக்குக் கண்

பெட்ரீசியா போட்டுவிடும் மணப்பெண் அலங்காரத்துக்கு ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு: போட்டதே தெரியாது. பெண்ணின் அத்தை அறைக்குள் எட்டிப்பார்த்து, "இன்னும் மேக்கப் ஆரம்பிக்கலியா?" என்று கேட்டுவிட்டால், அன்று வேலை நன்றாக அமைந்துவிட்டது என்று பொருள். இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, பதினான்கு தூரிகை மாற்றி, ஒன்றுமே செய்யாதது போன்ற ஒரு முகத்தைச் செய்து எழுப்புவாள். கண்ணுக்கு அவள் தொடுவது மண் நிறம், தேயிலை நிறம், மிஞ்சிப்போனால் பாலில் ஒரு சொட்டு டிக்காஷன் விழுந்த நிறம். "மை கத்தக் கூடாது, பேசணும்" என்பாள். அவள் கணவன் ஸ்டானிஸ்லாஸ் இதைப் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் ஏர்கோன், அதாவது குளிர்சாதனப் பெட்டி, கழுவிப் பழுதுபார்க்கிறவன். கத்தாமல் ஓடுகிற எதுவும் அவனுக்கு நல்லதுதான். ஆகவே மறுத்துப் பேசியதில்லை.

நவராத்திரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பீடோரிலிருந்து வீரம்மா ஃபோன் செய்தாள். வீரம்மா பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துகிறவள். போன வருடம் அவள் மகள் தினேஸ்வரியின் கல்யாணத்துக்குப் பெட்ரீசியாதான் அலங்காரம். வீரம்மா பேசும்போது ஃபோனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பிடிக்க வேண்டும். காலையில் தோட்டத்துப் பெரட்டில் வேலைக்கு ஆள் கூப்பிடும் மண்டோரின் குரல் அது.

"பெட்ரி, நவராத்திரிக்கு ஈப்போவுல ஆட்டப் போட்டி. கோயில் மாதர் குழுங்க மட்டும். நாங்க ஏழு பேரு மகிஷாசுர வதம் ஆடுறோம். மூஞ்சிக்கு நாங்களே பூசிக்குவோம். கண்ணு மட்டும் நீ போடணும்."

மேடை அலங்காரம் தனக்குப் பழக்கமில்லை என்று சொல்லத்தான் பெட்ரீசியா வாயைத் திறந்தாள்.

"முடியாட்டி சொல்லு லா, தாப்பாவுல ஒருத்தி இருக்கா, அவளக் கேக்குறேன்."

தாப்பாவில் இருக்கிறவளைப் பெட்ரீசியாவுக்குத் தெரியும். புருவத்தைச் செருப்பு வார் மாதிரி வரைகிறவள்.

"கண்ணு கண்ணுதானக்கா. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஏழு பேரும் பீடோர்ப் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி, வீடுகளும் போய், இப்போது எல்லாரும் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். ஒருத்தி பேரங்காடியில் காவல் வேலை, இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, இப்படி ஆளுக்கு ஒன்று. துர்க்கையாக ஆடும் கலாதேவி கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஐம்பத்து நான்கு வயது. அவள் ஒரு பார்வை பார்த்தால் அறுபது பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்றும், இரண்டு இயந்திரங்கள்கூட நின்றதுண்டு என்றும் சொல்வார்கள். துர்க்கை வேடத்துக்கு அவளைத் தேர்ந்தெடுக்க யாரும் கூட்டம் போட்டுப் பேச வேண்டியிருக்கவில்லை. மகிஷன் வேடம் தினேஸ்வரிக்கு. எல்லாரிலும் இளையவள், துள்ளிக் குதிக்கக் கூடியவள் அவள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் பெட்ரீசியாவை ஸ்டானிஸ்லாஸ் தன் வேனில் கூட்டிப் போனான். கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஏழு ஜோடிக் கண்களையும் போட்டாள். தேயிலை நிறம், ஓரத்தில் மெல்லிய நிழல், இமை முடிக்கு நடுவே ஊசிமுனை அளவுக்கு மை. பெண்கள் கண்ணாடியை ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி பிடுங்கிப் பார்த்தார்கள். ராக்காயி என்பவள் தன் புருஷனுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். "யாரு இது?" என்று அவர் பதில் போட்டாராம். வெட்கத்தில் அவள் ஃபோனைக் கவிழ்த்துவைத்தாள்.

பிறகு பாட்டைப் போட்டு ஆடினார்கள். முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்த பெட்ரீசியாவுக்குப் பரம திருப்தி. ஆட்டம் முடிந்ததும் திரும்பி, மண்டபத்தின் கடைசியில் வாசலோரம் மீகூன் தட்டோடு நின்ற கணவனைப் பார்த்தாள்.

"எப்படிங்க இருக்கு?"

"எல்லாம் நல்லா இருக்கு" என்றான் ஸ்டானிஸ்லாஸ். "கண்ண எப்ப போடுவே?"

எத்தனையோ அத்தைமார்கள் கேட்டபோது இனித்த கேள்வி. அன்று முதன்முறையாகச் சுருக்கென்று தைத்தது. விறுவிறுவென்று நடந்து அவன் பக்கத்தில் போய் நின்று, "இன்னொரு தடவ ஆடுங்கக்கா" என்றாள்.

ஆடினார்கள். பெட்ரீசியா பார்த்தாள். அங்கே ஏழு உரித்த முட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. பொட்டு தெரிந்தது, உதடு தெரிந்தது, மூக்குத்திகூடத் தெரிந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. மகிஷனைத் துர்க்கை முறைக்கும் கட்டம் வந்தது. இயந்திரத்தையே நிறுத்தும் பார்வை, நாற்பதடி தூரத்தில், தொலைந்த வீட்டுச் சாவியைத் தேடுகிறவள் பார்வையாகச் சுருங்கிப்போயிருந்தது.

வேனில் ஈப்போ திரும்பும்போது பெட்ரீசியா தூரிகைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் எறிந்துகொண்டிருந்தாள். சிம்பாங் பூலாய் தாண்டியதும் ஸ்டானிஸ்லாஸ் சமாதானமாக, "கிட்டக்கப் பார்த்தா ரொம்ப அழகு" என்றான்.

"ஆட்டம் பார்க்க டேவானுக்கு வர்றவங்க எல்லாம் அவங்க மடியிலயா உக்காரப் போறாங்க?" என்று சீறினாள்.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. பயிற்சிக்குக் கிடைத்த ஒரே முகம் ஸ்டானிஸ்லாஸுடையது. அவனை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கோடு போடுவாள். கேட்டைத் திறந்துகொண்டு ஓடி, எதிர்வீட்டைத் தாண்டி, குப்பைத் தொட்டி வரை போய் நின்று பார்ப்பாள். திரும்பி ஓடிவந்து கோட்டைத் தடிமனாக்குவாள். அப்படி ஓடி ஓடித்தான் சில விஷயங்கள் பிடிபட்டன. தூரத்துக்கு நிறம் போய்ச் சேராது, கோடுதான் போய்ச் சேரும். இமை மேல் கோடும் கீழ்க் கோடும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் கண் சின்னதாகிவிடும். ஒட்டாமல் திறந்துவிட்டு நடுவே வெள்ளை வைத்தால் கண் அகலமாகும். கிட்டத்தில் அசிங்கமாக இருப்பதுதான் எட்டத்தில் அழகு. கடைசி விஷயத்தை ஏற்றுக்கொள்வதற்கு மட்டும் அவளுக்கு இரண்டு நாள் ஆனது.

இரண்டாம் நாள் ஸ்டானிஸ்லாஸ் முழுக் கண்ணோடு உட்கார்ந்திருந்தபோது சிம்பாங் பூலாயிலிருந்து ஒரு சீன மருந்துக் கடையில் அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஏர்கோன் ஒழுகி மூலிகை மூட்டைகளின் மேல் சொட்டுகிறதாம். சோப்புப் போட்டு மூன்று முறை முகம் கழுவினான். தண்ணீருக்கு அழியாத மை என்று டப்பாவில் எழுதியிருந்தது, அது பொய் சொல்லவில்லை. அழிக்கிற எண்ணெய் முந்தைய நாளே தீர்ந்துபோயிருந்தது. அப்படியே கிளம்பிப் போனான். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தான்.

"என்னங்க இது?"

"கசாயம். கடைக்காரத் தௌக்கே சம்சாரம் என் மூஞ்சியப் பார்த்துட்டு ஏணிய விட்டு எறங்குன்னுட்டாங்க. கண்ணச் சுத்திக் கறுத்திருக்காம், ஈரல் கெட்டுப்போச்சாம். மூணு நாளைக்குக் காய்ச்சிக் குடிக்கணுமாம்."

"நீங்க மை போட்டிருக்குன்னு சொல்லலியா?"

"மைன்னு சொன்னா அதவிட மோசமா இருக்கும் போலயே" என்றான் ஸ்டானிஸ்லாஸ். அந்தம்மா அக்கறையாகக் கொடுத்ததை வீணாக்க மனமில்லாமல் மூன்று நாளும் குடித்தான்.

போட்டி நாளும் வந்தது. ஈப்போவில் நானூறு பேர் உட்காரும் மண்டபம். மதியம் இரண்டு மணிக்குத் தொடக்கம், பீடோர்க் குழு நான்காவது. பத்து மணிக்கே ஒப்பனை அறையில் பெட்ரீசியா பெட்டியைத் திறந்துவிட்டாள். இம்முறை அவள் கை தடுமாறவில்லை. கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் இருந்தது. பெண்கள் கண்ணாடியைப் பார்த்துக் கொஞ்சம் கலங்கினார்கள். "தூரத்துக்குக்கா, தூரத்துக்கு" என்று சொல்லிச் சொல்லி ஆறு பேரை முடித்தாள்.

ஏழாவது கலாதேவி. காலையிலிருந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், கூப்பிடும்போதெல்லாம் "மொதல்ல அவளுக்குப் போடு" என்று ஒவ்வொருத்தியாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். இனித் தள்ளிவிட ஆள் இல்லை. வந்து உட்கார்ந்தாள்.

"வலது கண்ணு மட்டும் போடு, போதும்."

பெட்ரீசியா சிரித்தாள். கலாதேவி சிரிக்கவில்லை.

"அக்கா, துர்க்கைக்கு ரெண்டு கண்ணாச்சும் வேணுமே. சொல்லப்போனா மூணு."

"எடது கண்ணு சொந்தமாவே பெரிசு. மை வேண்டாம்."

பெட்ரீசியா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண் லேசாகச் சிவந்து, ஓரத்தில் ஈரம் கட்டியிருந்தது. மணப்பெண்களின் அழுத கண், தூங்காத கண், வெங்காயம் உரித்த கண் எல்லாம் பார்த்துப் பழகியவள் அவள். இது அந்த வகை எதிலும் சேரவில்லை.

"என்னக்கா ஆச்சு?"

கலாதேவி கதவைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பிறகு வேறு வழியில்லாமல் சொன்னாள். "பொரை எடுத்தாங்க. பதினெட்டு நாளாச்சு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில எட்டு மாசமாக் காத்திருந்த தேதி, இப்பப் பார்த்து வந்துருச்சு."

வீரம்மா மற்றவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். குரல் நடைபாதை வரை கேட்டது. "தாப்பாவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னுதான சொன்னே?"

"தங்கச்சிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தா. பொய் சொல்லல."

"ஏன்டி எங்கக்கிட்டச் சொல்லல?"

"சொன்னா துர்க்கையத் தூக்கி ஒன் மகளுக்குக் கொடுத்திருப்பே."

வீரம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். கொடுத்திருப்பாள்தான். மகிஷன் மீசையோடு நின்ற தினேஸ்வரி ரொம்ப அக்கறையாகத் தன் கால் சலங்கையை எண்ணத் தொடங்கினாள்.

"ஒண்ணும் ஆகாது, போடு பெட்ரி" என்றாள் கலாதேவி. "அஞ்சு நிமிச ஆட்டம். ஆடி எறங்குனதும் தொடச்சிடலாம்."

பெட்ரீசியா மை டப்பாவை மூடினாள். உட்கார்ந்தவள் கேட்டதை முடியாது என்று சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை. எப்படியாவது சரிக்கட்டுவதுதான் அவள் தொழில். இப்போது டப்பா மூடியை ஒரு சுற்று கூடுதலாகவே திருகினாள். "இந்தக் கண்ணுல நான் போட மாட்டேங்க்கா. கோவிச்சுக்கிட்டாலும் சரி."

கலாதேவி முறைத்தாள். இடது கண் கலங்கியிருந்தும் அந்தப் பார்வைக்கு வலு குறையவில்லை. பெட்ரீசியா பின்வாங்கவில்லை. "ஆஸ்பத்திரி அட்டை இருக்கா? ஃபோன் போடுங்க. அவங்க சொல்றபடி செய்வோம்."

பத்து நிமிடம் மணியடித்து, மூன்று பேர் மாறி, கடைசியில் தமிழ் பேசும் தாதி ஒருத்தி கிடைத்தாள். ஃபோனை நடுவில் வைத்து எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"இமையில வேண்டாம், இமை முடியில வேண்டாம், பவுடர் கிட்டவே வரக் கூடாது" என்றாள் தாதி. "நெத்தி, கன்னம், அதெல்லாம் ஒங்க இஷ்டம். ஆனா கண்ணுக்கிட்ட வராதீங்க."

"ஆடலாமா மிஸ்ஸி?"

"ஆடலாம்னு டாக்டர் எழுதியிருக்காரு. ஆனா குனியாம, தலைய ஆட்டாம, மூஞ்சிய ரொம்பச் சுருக்காம, மெதுவா."

ஃபோனை வைத்ததும் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அசுரனை மெதுவாகக் கொல்வது எப்படி?

வீரம்மாதான் முடிவு சொன்னாள். "தெய்வம் எதுக்கு அவசரப்படணும்? அவ நடுவுல நிக்கட்டும். நாம சுத்தி ஓடுவோம்."

கண் மட்டும் பாக்கி. பெட்ரீசியா கலாதேவியின் முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு வெகுநேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெத்தி, கன்னம் உங்க இஷ்டம். தாதி ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் குப்பைத் தொட்டிப் பக்கத்தில் நின்று பார்த்த கண் எங்கே இருந்தது? ஸ்டானிஸ்லாஸின் இமையிலா இருந்தது? தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இமை எது, புருவம் எது என்று யார் சொன்னது? கண்ணைக் கண்ணில்தான் வரைய வேண்டும் என்று என்ன சட்டம்?

பவுடர் வகை எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். எண்ணெய்ப் பசையுள்ள கறுப்புக் குச்சியையும் வெள்ளைக் குச்சியையும் மட்டும் எடுத்தாள். கலாதேவியின் புருவம் இருந்த இடத்தில் மேல் இமைக் கோட்டைப் போட்டாள். புருவத்தை நெற்றி நடுவுக்கு ஏற்றினாள். கீழ்க் கோட்டைக் கன்ன எலும்பின் மேல் போட்டு, கடைக்கண் பக்கம் மேல் கோட்டோடு ஒட்டாமல் திறந்துவிட்டு, வெளியே காது வரைக்கும் இழுத்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல. நிஜக் கண் நடுவில் ஒரு சொட்டு மையும் படாமல், குளத்து நடுவில் மண்டபம் மாதிரி தனியாக இருந்தது.

எட்டிப்பார்த்த ராக்காயி, "முருகா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

மண்டபத்தில் இன்னும் ஆள் வரவில்லை. கலாதேவியை மேடையில் நிறுத்திவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த ஸ்டானிஸ்லாஸுக்குப் பெட்ரீசியா ஃபோன் போட்டாள்.

"என்னங்க தெரியுது?"

ரொட்டி மெல்லும் சத்தம் நின்றது.

"ஏங்க!"

"பெட்ரி" என்றான், குரல் தாழ்ந்திருந்தது. "அது என்னையவே பார்க்குது லா. நான் எடம் மாறி உக்காந்தேன். அங்கயும் பார்க்குது."

செய்தி ஒப்பனை அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் கலவரம் கிளம்பியது. எனக்கும் அதே கண் வேண்டும் என்று ஆறு பேரும் நின்றார்கள். கலாதேவிக்கு மட்டும் நெற்றி வரை கண் இருந்தால் மற்றவர்களுக்குக் கண்ணே இல்லாத மாதிரி இருக்கும் என்று காவல் வேலை செய்கிறவள் வாதாடினாள். நியாயம்தான். அசுரன் கண் அம்மன் கண்ணைவிடப் பெரிதாக இருந்தால்தான் கொல்வதற்குக் காரணம் இருக்கும் என்று தினேஸ்வரி தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். முக்கால் மணி நேரத்தில் பெட்ரீசியா ஆறு முகங்களை அழித்து எழுதினாள். இவர்களுக்குப் பவுடர் தடை இல்லை என்பதால், கலாதேவியை வெளியே நடைபாதையில் உட்காரவைத்துவிட்டு, வரைந்ததை நன்றாகப் பவுடர் போட்டு இறுக்கினாள்.

கலாதேவியை உள்ளே அழைத்து ஏழு பேரையும் வரிசையாக நிறுத்திக் கடைசியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர், எல்லாக் குழுக்களையும் வாழ்த்திக்கொண்டு வந்தவர், சிரித்த முகமாகக் கதவைத் திறந்து கைகூப்பினார். ஏழு முகங்களும் ஒரே சமயத்தில் அவர் பக்கம் திரும்பின. இரண்டடி தூரம்.

"மாஃப், சாலா பீலிக்" என்றார் டத்தோ. ஏழு தமிழ்ப் பெண்களிடம், பரம்பரைத் தமிழர், அறை மாறி வந்துவிட்டதாக மலாயில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் காலடிச் சத்தம் வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போவது கேட்டது.

திரை விலகியதும் முதல் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. நடுவர்கள் மூவரும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அம்மையார் நாற்காலியோடு அரையடி பின்னால் நகர்ந்ததை, மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் நின்ற பெட்ரீசியா பார்த்தாள். ஆனால் பின்னால் சலசலத்துக்கொண்டிருந்த கூட்டம், முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்த கை பிரித்தபடியே நிற்க, அடங்கிப்போனது.

தினேஸ்வரி துள்ளினாள். வீரம்மாவோடு சேர்த்து ஐந்து பெண்கள் சுழன்று ஓடினார்கள். நடுவில் கலாதேவி, குனியாமல், தலையை ஆட்டாமல், தாதி சொன்னது சொன்னபடி, ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்தாள். அந்த நிதானம் யாரும் எதிர்பாராத அளவுக்குப் பயங்கரமாக இருந்தது.

மூன்றாவது நிமிடத்தில் பெட்ரீசியா அதைக் கவனித்தாள். மேடை விளக்குகள் கொதித்தன. பவுடர் போட்டு இறுக்கிய ஆறு முகங்கள் அசையவில்லை. பவுடர் படாத ஏழாவது முகத்தில் எண்ணெய் மை இளகத் தொடங்கியிருந்தது. கன்னத்துக் கோடு தாடையை நோக்கி நகர்ந்தது. மேல் கோடு புருவத்திலிருந்து வழிந்து, நிஜக் கண்ணை நோக்கி, அந்த இடது கண்ணை நோக்கி, மெல்ல இறங்கியது.

கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. ஸ்டானிஸ்லாஸ்.

"பெட்ரி, கண்ணு பெரிசாகிட்டே போகுது லா! எப்படிச் செஞ்சே?"

அவள் ஃபோனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு டிஷ்யூவைத் தேடினாள். அடுத்த கட்டம், தேவர்கள் துர்க்கைக்குச் சூலம் கொடுப்பது. கலாதேவி இந்தத் திரையோரம் வருவாள். வீரம்மா உள்ளேயிருந்து கையை மட்டும் நீட்டிச் சூலத்தைக் கொடுப்பாள். ஆட்டத்திலிருந்து நழுவி உள்ளே வந்துவிட்ட வீரம்மா சூலத்தோடு தயாராக நின்றாள். பெட்ரீசியா அவளை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

கலாதேவி வந்தாள். திரைக்கு வெளியே ஒரு கை சூலத்தை நீட்டியது. கூடவே இன்னொரு கை, டிஷ்யூவோடு.

"மேல பாருங்கக்கா" என்று பெட்ரீசியா பல்லைக் கடித்தபடி சொன்னாள்.

"உள்ள போயிருச்சா?"

"போகல. மேல பாருங்க. அசையாதீங்க."

துர்க்கை சூலத்தைப் பற்றியபடி வானத்தைப் பார்த்தாள். ஒரு கை அவள் இமைக்கு மேலிருந்து நெற்றிப் பக்கமாக, முதலில் இடப்புறம், பிறகு வலப்புறம், மெதுவாக ஒற்றித் துடைத்து மேலே இழுத்தது. மை வகிடு வரைக்கும் கறுப்புச் சுவாலையாக ஏறியது. மண்டபத்தில் யாரோ கைதட்ட, மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. தேவர்களே வந்து தேவிக்கு வேர்வை துடைக்கிறார்கள் என்று பின்வரிசையில் ஒருவர் தன் மனைவிக்கு விளக்கிச் சொன்னாராம். பிறகு கலாதேவி நிதானமாகத் திரும்பி நடந்துபோய்த் தினேஸ்வரியின் நெஞ்சில் சூலத்தை வைத்தாள். தினேஸ்வரி நிஜமாகவே பயந்து, ஒத்திகையில் விழுந்ததைவிட ஒரு விநாடி முன்னதாகவே விழுந்தாள்.

இறங்கிவந்ததும் பெட்ரீசியா யாரையும் பேசவிடவில்லை. கலாதேவியை விளக்குக்குக் கீழே உட்காரவைத்து, சுத்தமான துணியால் கண்ணைச் சுற்றி வெளிப்பக்கமாகவே துடைத்து, இமையைப் பார்த்து, இமை முடியைப் பார்த்து, மறுபடி பார்த்து, ஒரு துளிகூட உள்ளே போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளுக்கு அழுகை வந்தது. தன் சொந்த மை தண்ணீருக்கு அழியாத வகையில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முதல் பரிசு தைப்பிங் குழுவுக்குப் போனது, பீடோருக்கு இரண்டாவது. நடுவர் அம்மையார் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "பீடோர்க் குழுவை முதல் வரிசையிலிருந்து பார்ப்பதற்கு எங்களுக்குச் சற்று மனத்திடம் தேவைப்பட்டது" என்று தொடங்கியபோது கூட்டம் சிரித்தது. "ஆனால் துர்க்கையாக ஆடியவர் கண்களாலேயே கதை சொன்னார். கோபம் படிப்படியாக வளர்ந்ததே, அது எத்தனை வருடப் பயிற்சியோ! சிறந்த முகபாவத்துக்கான சிறப்புப் பரிசு அவருக்கே."

கலாதேவி கேடயத்தை வாங்கிவந்து பெட்ரீசியாவின் மடியில் வைத்தாள்.

"நான் மொறைக்கவே இல்லடி" என்றாள், காதோடு காதாக. "அந்த மிஸ்ஸி மூஞ்சியச் சுருக்காதேன்னுச்சா, பயத்துல பலகை மாரி வெச்சிருந்தேன். ஒரு பாவமும் காட்டல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். முகத்தைச் சுருக்கக் கூடாது என்பதால் கலாதேவி சத்தத்தை மட்டும் வெளியே விட்டுச் சிரித்தாள். பார்க்க அது இன்னும் வேடிக்கையாக இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு வந்த வீரம்மா, இவர்கள் சொல்லி முடிப்பதற்குள் தானும் சிரித்துக் கண்ணைத் துடைத்து, துடைத்த கையைச் சேலையில் துடைத்து, சேலை முழுக்க மையாக்கிக்கொண்டாள். அடுத்த வருடமும் துர்க்கை நீதான் என்று அந்த மைக் கையாலேயே கலாதேவியின் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். தினேஸ்வரி ஒட்டு மீசையைப் பிய்த்துக்கொண்டே, "எனக்கு எருமையே போதும்மா, நல்லாத் துள்ளலாம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை கலாதேவிக்கு ஆஸ்பத்திரியில் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத பெட்ரீசியா, கேட்காமலேயே பீடோருக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே அரை மணி நேரம். பெட்ரீசியா நடைபாதையில் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். கலாதேவி வெளியே வந்தபோது கையில் ஒரு சீட்டு, முகத்தில் கறுப்புக் கண்ணாடி இல்லை.

"என்னக்கா சொன்னாரு?"

"சுத்தமா ஆறிடுச்சாம். ஒரு கொறையும் இல்லையாம்."

பெட்ரீசியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். கலாதேவி அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். எட்டு மாதமாகப் புகைக்குள் பார்த்த உலகம் இப்போது துல்லியமாக இருந்தது. கையுறையில் ஓட்டை தேடுகிற அதே கவனத்தோடு பெட்ரீசியாவின் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெட்ரி, தப்பா நெனச்சுக்காத லா" என்றாள். "ஒனக்கு எடது புருவம் வலதவிட ஒரு நூல் ஏறியிருக்கு. யாரும்மா ஒனக்குப் போட்டுவிடுறது?"